புருவத்தில் ஒரு பச்சைப் பொட்டு

அந்தக் கண் மருத்துவமனையில் யாரைப் பிடித்து நிறுத்திக் கேட்டாலும் சொட்டக்காவின் சொந்தப் பெயரைச் சொல்லத் தெரியாது. கண்ணில் சொட்டு மருந்து போடுகிறவள், ஆகவே சொட்டக்கா. சம்பளம் கொடுக்கும் கணக்கருக்கே அந்தப் பெயரைச் சொன்னால்தான் ஆள் யாரென்று புரியும். காலையில் வந்ததும் அறைகளைக் கூட்டித் துடைப்பாள். வாளியையும் துடைப்பத்தையும் மூலையில் ஒதுக்கிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்துக் குப்பியை நீலச் சட்டையின் பைக்குள் போட்டுக்கொண்டால் அதற்குப் பிறகு சொட்டு வேலை.

கண்ணின் நடுவே இருக்கும் கறுப்புப் பாப்பாவை விரிய வைக்கும் மருந்து அது. ஜன்னலை நன்றாகத் திறந்தால்தானே உள்ளே இருப்பது தெரியும்? பாப்பா விரிந்ததும் டாக்டர் விளக்கடித்துக் கண்ணின் பின்சுவர் வரைக்கும் பார்ப்பார். போட்டுக்கொண்டவருக்கோ அன்றைய பாதிப் பொழுது பாழ். வெளிச்சம் கூசும், பக்கத்தில் இருப்பதெல்லாம் கலங்கும், கைப்பேசியில் எழுத்துகள் எறும்பு மாதிரி ஊரும். சொட்டு அறையில் எப்போது பார்த்தாலும் வரிசையாகக் கண்ணை மூடிக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே வரும் புது ஆள் ஏதோ தியான வகுப்புக்குள் நுழைந்துவிட்டோம் என்று பின்வாங்குவதும் உண்டு.

ஆனால் இந்த மருந்து எல்லாக் கண்ணுக்கும் ஆகாது. சிலருக்குக் கண்ணுக்குள் நீர் வடிகிற வழி இயல்பிலேயே குறுகலாக இருக்கும். பாப்பா விரிந்தால் அந்த வழி அடைத்துக்கொள்ளும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். கவனிக்காமல் விட்டால் பார்வையே போய்விடும். அதனால் வருகிறவர்கள் முதலில் எதிரே இருக்கும் பரிசோதனை அறைக்குப் போக வேண்டும். அங்கிருக்கும் பெண் சோதித்துப் பார்த்து, போடலாம் என்றால் புருவத்துக்கு மேலே சின்னதாக ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவாள். கூடாதென்றால் சிவப்பு. ஊழியர்கள் எல்லாரும் அதைப் பொட்டு என்பார்கள். பச்சைப் பொட்டு இல்லாத கண்ணைச் சொட்டக்கா தொடக் கூடாது. அவளும் இதுவரை தொட்டதில்லை. மேனேஜரே வந்து 'நம்ம வீட்டு ஆள்தான், சீக்கிரம் போட்டுவிடு' என்றபோதும், 'பொட்டு வச்சுட்டு வரச் சொல்லுங்க சார்' என்று திருப்பி அனுப்பியவள்.

இவ்வளவு கறாரான பெண்ணுக்கு ஒரு பொய் இருந்தது.

மகளைப் பெண் பேச வந்த அன்று மாப்பிள்ளையின் தாயார், 'நீங்க ஆஸ்பத்திரியில என்ன வேலையா இருக்கீங்க?' என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அவர் ஒன்றும் மகாராணி இல்லை. பெண்களுக்கு உடுப்புத் தைக்கும் சின்னக் கடை வைத்து, மெஷினை மிதித்தே மகனை ஆளாக்கியவர். உள்ளதைச் சொல்லியிருந்தால் 'அப்படியா' என்று கேட்டுக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார். ஆனால் சொட்டக்காவுக்கு அந்த நேரத்தில் வாளியும் துடைப்பமும் கண் முன்னால் வந்து நின்றன. 'நர்சுங்களுக்கு மேல சூப்பர்வைசர். டாக்டருக்கு அடுத்தபடி நான்தான்' என்றாள். சொன்ன வாய் மூடவில்லை, மகள் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது இன்றைக்கும் அவளுக்கு முதுகில் குத்தும்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை முடிக்கலாம் என்று நம் ஆட்கள் உத்தரவே கொடுத்து வைத்திருக்கிறார்கள். சொட்டக்கா சொன்னது ஒன்றுதான். மற்றதெல்லாம் அது போட்ட குட்டிகள். பகலில் போனை எடுக்காததற்கு மீட்டிங். விரல்கள் வெடித்திருந்ததற்கு ஏதோ மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் ஆஸ்பத்திரியைப் பார்க்க வரட்டுமா என்று கேட்டதற்கு வெள்ளையடிக்கிறார்கள். 'அம்மா, சொல்லிடும்மா. அத்தை ஒண்ணும் நினைக்க மாட்டாங்க' என்று மகள் கெஞ்சாத நாளில்லை. 'சொல்றேன், சொல்றேன். நேரம் வரட்டும்' என்பாள் இவள்.

நேரம் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது.

நல்ல கூட்டம். ஒரு பெரியவரின் தலையைச் சாய்த்துச் சொட்டு விட்டுக்கொண்டே சொட்டக்கா நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் சம்பந்தியம்மா. துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, சுவரில் இருக்கும் பலகைகளை ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாக ஊசியில் நூல் கோக்கச் சிரமமாக இருக்கிறது என்று மகள் போனில் சொல்லியிருந்தது அப்போதுதான் இவளுக்கு ஞாபகம் வந்தது. முகக்கவசத்தைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டாள். 'உதவியாளர்' என்று போட்டிருந்த அடையாள அட்டையைத் திருப்பிப் போட்டாள். வெளியே போய்விடலாம் என்றால் இருப்பது ஒரே வழி. அதை அடைத்துக்கொண்டுதான் அவர் நின்றிருந்தார்.

வரவேற்பில் இருந்தவள் 'உள்ளே போய் உட்காருங்க' என்று சொல்லியிருப்பாள். எந்த உள்ளே என்று சொல்லியிருக்க மாட்டாள். சம்பந்தியம்மா நேராக வந்து சொட்டு அறையின் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். புருவத்தின் மேல் பொட்டு எதுவும் இல்லை.

வேறு யாராக இருந்தாலும், 'அம்மா, முதல்ல எதிர் ரூமுக்குப் போங்க' என்று எழுப்பி விட்டிருப்பாள். இவரையும் எழுப்பத்தான் நினைத்தாள். ஆனால் எழுந்து போனவர் திரும்பி வருவார். கண்ணாடி போட்ட கண்ணோடு எதிரே உட்கார்ந்து, துணியில் ஒரு தையல் பிசகியிருந்தாலும் கண்டுபிடிக்கிற அந்தப் பார்வையால் இவளையே பார்த்துக்கொண்டிருப்பார். இப்படி இவள் தவித்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் இருந்த பெரியவர் கண்ணைத் திறக்காமல் குரல் கொடுத்தார்.

'சொட்டக்கா, தண்ணி பாட்டிலைத் தட்டிவிட்டுட்டேன்மா. கொஞ்சம் தொடைச்சு விட்டுடு.'

தண்ணீர் தரையில் ஓடி வந்துகொண்டிருந்தது. துடைப்பம் மூலையில் இருந்தது. சம்பந்தியம்மா தண்ணீரைப் பார்த்தார், பிறகு தலையைத் தூக்கி யார் துடைக்க வருகிறார்கள் என்று பார்த்தார்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதென்று நினைக்குமாம். சொட்டக்கா பூனைக்கும் ஒரு படி மேலே போனாள். அடுத்தவர் கண்ணை மூட வைத்தாள்.

'கண்ணாடியைக் கழட்டுங்க. மேல பாருங்க.' குரலை மெலிதாக்கி, மூக்கால் பேசினாள். சம்பந்தியம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தார். குப்பி பக்கத்தில் வந்ததும் கையைக் கொஞ்சம் தூக்கி, எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை இறக்கிக்கொண்டார். ஒரு கண்ணில் ஒரு சொட்டு, மறு கண்ணில் ஒரு சொட்டு.

'எரியும். மூடிக்கிட்டே இருங்க. நான் சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது.'

'சரிங்க' என்றார் சம்பந்தியம்மா, மிகவும் மரியாதையாக.

டாக்டரைப் பார்க்க எழுந்து போன ஒருவரின் புருவத்திலிருந்து, 'இது இனிமே வேண்டாம்' என்று சொல்லிப் பொட்டைப் பிய்த்தெடுத்து சம்பந்தியம்மாவின் புருவத்துக்கு மேல் ஒட்டினாள். ஏற்கெனவே ஒட்டியது என்பதால் பிடிக்கவில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு துடைப்பத்தை எடுத்து வந்து, அவருடைய காலடியிலேயே நிதானமாகத் தண்ணீரைத் துடைத்தாள். பிழைத்துக்கொண்டோம் என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. சற்றுப் பொறுத்து இன்னொரு தடவையும், பாதுகாப்புக்கு அதற்கு மேலும் ஒரு தடவையும் விட்டாள்.

டாக்டர் அறையில் வரிசை நகரவில்லை. வெகுநேரம் கழித்து சம்பந்தியம்மா கண்ணைப் பாதி திறந்து, நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரிடம், 'தலை விண்விண்ணுன்னு வலிக்குது. அந்த லைட்டைச் சுத்தி வளையம் வளையமா கலர் தெரியுதே, உங்களுக்கும் தெரியுதா?' என்று கேட்டார். பக்கத்திலிருந்தவருக்கு அப்படி எதுவும் தெரியவில்லை.

சொட்டக்காவின் காதில் அது விழுந்தது. வலி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம். இந்த இரண்டையும் யார் சொன்னாலும் உடனே ஓடி வந்து சொல்ல வேண்டும் என்று டாக்டர் அவளுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். ஓட வேண்டியவள் ஓடவில்லை. ஓடினால் என்ன கேட்பார்கள், என்ன சொல்வது என்று அங்கேயே நின்று யோசித்தாள். அந்த யோசனைக்காக அவளைச் செருப்பால் அடித்தாலும் தகும். சம்பந்தியம்மா குனிந்து வாந்தி எடுத்த பிறகுதான் அவளுடைய கால் நகர்ந்தது.

'டாக்டர், ஒரு அம்மாவுக்கு வாந்தி' என்றாள். ஒரு அம்மா என்றுதான் சொன்னாள்.

சம்பந்தியம்மாவை உள் அறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலில் படுக்க வைத்தார்கள். இடது கண் சிவந்து, மூடிய இமையின் மேல் விரலை வைத்தால் கல் போல இருந்தது. டாக்டர் பெண்மணி நடுத்தர வயதுக்காரர். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துவார். அன்றைக்கு மிகவும் தாழ்த்திப் பேசினார். கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள், மாத்திரை கொடுத்தார்கள், பாப்பாவைச் சுருக்குகிற வேறு சொட்டு விட்டார்கள். அழுத்தம் இறங்கியதும் லேசர் வைத்து ஒரு துளை போட வேண்டும், இறங்காவிட்டால் கண்ணைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்றார். அதன் பிறகு அவர் பார்வை புருவத்தின் மேல் பாதி உரிந்து தொங்கிய பச்சைப் பொட்டில் நின்றது. பரிசோதனை அறைப் பெண்ணைக் கூப்பிட்டார்.

'இந்தக் கண்ணுக்கா பச்சை வச்ச?'

'நான் இவங்களைப் பார்க்கவே இல்லை டாக்டர்.'

'அப்ப பொட்டு தானா பறந்து வந்து ஒட்டிக்கிச்சா?'

அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. வாந்திக் கிண்ணத்தோடு நின்ற சொட்டக்காவின் பக்கம் திரும்பினாள். 'சொட்டக்கா, நீங்களாவது சொல்லுங்க. இவங்க வரும்போது பொட்டோடவா வந்தாங்க?'

'கூட்டமா இருந்துச்சு. சரியா கவனிக்கலை' என்றாள் சொட்டக்கா.

சொல்லிவிட்டாள். தன் காதாலேயே அதைக் கேட்டாள். மகள் வயதுப் பெண்ணின் பிழைப்பில் மண் அள்ளிப் போட்டுவிட்டு, கையில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நல்லவள் போல நிற்கிறோமே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. நிமிர முடியவில்லை. வாயைத் திறந்தால் சொல்லிவிடலாம், நாலே வார்த்தைதான். கிண்ணத்தை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

டாக்டர் கட்டிலருகே குனிந்தார். 'அம்மா, கொஞ்சம் பேச முடியுமா? இதுக்கு முன்னாடி கண்ணை யார்கிட்டயாவது காட்டியிருக்கீங்களா?'

'ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி, வேற ஒரு டாக்டர்கிட்ட.' சம்பந்தியம்மாவுக்கு மூச்சு வாங்கியது. 'அவர் சொன்னாரு. உங்க கண் அமைப்பு குறுகல், பாப்பா விரியற மருந்தை யாராவது போட வந்தா வேண்டாம்னு சொல்லிடுங்கன்னு.'

'தெரிஞ்சிருந்தும் ஏன்மா சொல்லலை? போடும்போதே தடுத்திருக்கலாமே.'

'சொல்லத்தான் வாயெடுத்தேன்.' அவர் முகத்தைச் சொட்டக்கா நின்ற பக்கமாகத் திருப்பினார். கண் திறக்க முடியவில்லை, ஆனாலும் சரியாகத் திருப்பினார். 'ஆனா போட்டவங்க எங்க சம்பந்தியாச்சே. உங்களுக்கு அடுத்தபடி இந்த ஆஸ்பத்திரியே அவங்க பொறுப்புலதானே இருக்கு. அவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்னு பேசாம இருந்துட்டேன்.'

வலிக்கு நடுவிலும் அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமைதான் சொட்டக்காவைக் கொன்றது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

டாக்டர் மெதுவாக நிமிர்ந்து சொட்டக்காவைப் பார்த்தார். திருப்பிப் போட்டிருந்த அடையாள அட்டையையும் பார்த்தார்.

'பொட்டு நான்தான் ஒட்டினேன்' என்றாள் சொட்டக்கா. 'மருந்தும் நான்தான் விட்டேன். மூணு தடவை. இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லை.'

'ஏன்?'

'அவங்க என்னைப் பார்த்துடக் கூடாதுன்னு.'

டாக்டருக்கு அது புரிந்ததோ இல்லையோ, மேற்கொண்டு கேட்கவில்லை. கையை நீட்டினார். 'குப்பியைக் கொடுங்க.' சொட்டக்கா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இத்தனை வருஷமாகக் குப்பியின் கனத்துக்குத் தொங்கிப் பழகிய பை காலியாகி ஒட்டிக்கொண்டது. 'இனிமே நீங்க யார் கண்ணையும் தொட வேண்டாம். மத்ததை நாளைக்குப் பேசிக்கலாம்.' பரிசோதனை அறைப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். போகும்போது சொட்டக்காவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் அழுத்தம் இறங்கிவிட்டது. லேசரும் முடிந்தது. பார்வை போகவில்லை. வலது கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, இடது கண்ணில் மங்கல் இருக்கும், அது எவ்வளவு தெளியும் என்பது போகப் போகத்தான் தெரியும் என்றார் டாக்டர். ஊசியில் நூல் கோக்கலாமா என்று சம்பந்தியம்மா கேட்டதற்கு, கொஞ்ச நாளைக்கு வேறு யாரையாவது கோத்துத் தரச் சொல்லுங்கள் என்றார். விஷயம் தெரிந்து மகளும் மாப்பிள்ளையும் கிளம்பிவிட்டார்கள், வழியில் வந்துகொண்டிருந்தார்கள்.

அவர்கள் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சொட்டக்கா கட்டிலருகே போய் நின்றாள். முகக்கவசத்தைக் கழற்றினாள். சம்பந்தியம்மாவுக்கு அவள் முகம் இன்னும் கலங்கலாகத்தான் தெரிந்திருக்கும்.

'எப்படிக் கண்டுபிடிச்சீங்க?' என்றாள். மன்னிப்புக் கேட்க வந்தவள் வாயில் முதலில் வந்தது இதுதான்.

'கல்யாணத்துக்கு உங்களுக்கு உடுப்புத் தச்சவ நான்தானே சம்பந்தி. இடது தோள் உங்களுக்கு ஒரு விரல் இறக்கம். வாசல்ல நான் நிக்கும்போதே தெரிஞ்சுது. வேலை நேரத்துல உறவு கொண்டாடி உங்களைச் சங்கடப்படுத்தக் கூடாதுன்னு பேசாம உட்கார்ந்தேன்.'

வாளி தூக்கித் தூக்கி இறங்கிய தோள் அது. சொட்டக்கா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

'நான் சூப்பர்வைசர் இல்லைங்க. காலையில வந்து தரை துடைப்பேன். அப்புறம் சொட்டு போடுவேன். அவ்வளவுதான் என் வேலை. உங்ககிட்ட சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு...' மேலே பேச முடியாமல் அழுதாள். மூடி மறைக்கத் தெம்பில்லாத அழுகை. 'என்னை மன்னிச்சுடுங்க. என் பொண்ணு மேல ஒண்ணும் வச்சுக்காதீங்க. அவ சொல்லச் சொல்லிக்கிட்டேதான் இருந்தா.'

சம்பந்தியம்மாவின் கை போர்வையின் ஓரத்தைத் தடவித் தடவித் தையலைத் தேடிக்கொண்டிருந்தது. பேசியபோது குரலில் கோபம் இல்லை. எங்கே பிசகியது என்று துணியைப் புரட்டிப் பார்க்கிற நிதானம்தான் இருந்தது.

'தரை துடைக்கிறதுல என்ன இருக்கு சம்பந்தி. நானும் மத்தவங்க காலடியில உட்கார்ந்து அளவெடுக்கிறவதான்.' கொஞ்சம் நிறுத்தினார். 'சொட்டு போடுறவங்கன்னு மட்டும் சொல்லியிருந்தீங்கன்னா, இருங்கம்மா, எனக்கு இது ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனே.'

சொட்டக்கா திருப்பிப் போட்டிருந்த அடையாள அட்டையை நேராகப் போட்டுக்கொண்டாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு பரிசோதனை அறைப் பெண் அடுத்த வேளைச் சொட்டு மருந்தோடு வந்தாள். பழக்க தோஷத்தில் சொட்டக்கா பஞ்சை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். 'அம்மா, மேல பாருங்க' என்றாள் அந்தப் பெண். சம்பந்தியம்மா மேலே பார்க்கவில்லை. கையைத் தூக்கி குப்பியைத் தடுத்துப் பிடித்தார்.

'இது என்ன மருந்தும்மா?' என்று கேட்டார். 'எனக்கு ஆகுமான்னு டாக்டரைக் கேட்டுட்டியா?'